ஒன்பதாவது வளைவில் மாடு இல்லை

"தொடாதீங்க ஆன்ட்டி, சுடும்" என்று இம்தியாஸ் சொல்வதற்குள் தொட்டுவிட்டேன். நன்றாகவே சுட்டது. விரலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை ஒரு வரி எழுதவில்லை. எழுதுவதும் வரைவதும் உங்கள் வேலை, குறை கண்டுபிடிப்பது என் வேலை என்றுதானே இருந்தோம்.

இது நடந்து பதினைந்து நாள் ஆகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் ஆராதனை முடிந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். சத்துவாச்சாரியில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவில் இறங்கி நேராக நம் கேட்டுக்கு வந்து நின்றான் இம்தியாஸ். ஆம்பூர் பள்ளிக்கூடத்தில் உங்களிடம் டிராயிங் படித்தவன். இப்போது தோல் ஏற்றுமதி ஆபீஸில் இருக்கிறான், முன்னந்தலையில் முடி கொட்டிவிட்டது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத மலை சைக்கிள். சக்கரத்தின் நடுவில் சின்ன டிபன் தட்டு அளவில் ஓட்டை ஓட்டையாக ஓர் இரும்பு வட்டம் இருந்தது. பிரேக் இனிமேல் ரிம்மைப் பிடிக்காதாம், அந்த வட்டத்தைத்தான் பிடிக்குமாம். மோட்டார் சைக்கிளில் பார்த்த டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கும் வந்துவிட்டதே என்றுதான் என் விரல் அங்கே போனது.

வந்த காரியத்தைக் காபி குடித்துக்கொண்டே சொன்னான். "சாரோட வருஷ நெனவுக்கு ஏலகிரி ஏர்றோம் ஆன்ட்டி. பன்னெண்டு பேர். ஒம்பதாவது வளைவுல நிக்கறோம். சார் மாட்டுக்கு வழி உட்டு விழுந்தாரே, அந்தக் கதைய நீங்க சொல்லணும். வேன்ல கூட்டினு போறோம்."

அந்த வளைவில் மாடு இல்லை. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி, இப்போது எனக்கு மட்டும். "பாக்கலாம்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. பன்னிரண்டு பேர் எதிரில் நின்று மாடு வந்தது என்று சொல்லப் போகிறேனா, நடந்ததைச் சொல்லப் போகிறேனா என்பதே கேள்வியாக இருந்தது.

கல்யாணமான புதிதில் உங்களிடம் இருந்தது ஊரெல்லாம் ஓட்டிய அதே கறுப்பு சைக்கிள். பிரேக்குக்குக் கம்பி, கம்பிக்கு முனையில் கட்டை. அதைத் தள்ளிக்கொண்டு ஏலகிரியின் பதினான்கு வளைவும் ஏறுவீர்கள், பிறகு உட்கார்ந்து இறங்குவீர்கள். ஞாயிற்றுக்கிழமை மனுஷன் வீட்டில் படுத்துத் தூங்காமல் மலையில் சைக்கிள் தள்ளுகிறாரே, இது இன்னா பைத்தியம் என்று என் அம்மாவே கேட்டாள். "ஏர்றதுக்கு மூச்சு இருந்தா போதும் கிரேசு, எறங்கறதுலதான் வித்தை" என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். எனக்கு இரண்டும் வித்தையாகப் படவில்லை, வேலையற்ற வேலையாகப் பட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தடித்த டயர் சைக்கிளைக் கொண்டு வந்தீர்கள். நேரான ஹேண்டில்பார், பொத்தான் பொத்தானாக டயர், பின்னால் ஐந்து பல்சக்கரம். மலை சைக்கிள் என்று பெயர்தான். தூக்கிப் பார்த்தேன், அரிசி மூட்டை கனம் கனத்தது. கியர் மாற்றும் நெம்புகோலுக்கு எங்கே நிற்க வேண்டும் என்றே தெரியாது. நீங்கள் காதைச் சாய்த்து, கரகரப்பு நிற்கும்வரை அதை முன்னும் பின்னும் நகர்த்துவீர்கள். "இதுக்கு வண்டி ஓட்டணுமா, வீணை வாசிக்கணுமா?" என்று கேட்டேன். நீங்கள் பத்து நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்த வண்டியின் பெரிய கேடு பளபளப்புதான். ரிம்முக்கு வெள்ளி மாதிரி முலாம் பூசியிருந்தார்கள். வெயிலில் பிரேக் பிடிக்கும், மழையில் பிடிக்காது. ரப்பர் கட்டை ஈரமான முலாமில் வழுக்கிக்கொண்டே போகும். ஒரு மழை நாளில் ஆம்பூர் பிரியாணிக் கடை வாசலில் பார்சலுக்கு நின்ற ஒருவர் மேலேயே போய் நின்றீர்கள். பாவம் அந்த மனுஷன், "சார், வரிசையில வாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அங்கேதான் நான் நுழைந்தேன். ஷூ ஃபேக்டரியில் அப்போது நான் செக்கிங் டேபிளில் இருந்தேன். தையல், ஒட்டு, சோல் எல்லாம் பார்த்து, சரியில்லாததன் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பேன். கோடு விழுந்தால் பெட்டிக்குள் போகாது. என் டேபிளில் பாஸான ஜோடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எனக்கு அவ்வளவு பெருமை. பெருமை என்ன, திமிர்தான். ஈரமான இரும்பு மேஜையில் ரப்பர் சோல் வழுக்குவதையும் தோல் சோல் நகராமல் நிற்பதையும் தினமும் பார்த்தவள் நான். அப்படியானால் பிரேக் கட்டைக்குத் தோல் வைத்தால் என்ன?

சோல் வெட்டி மிஞ்சிய தோலில் கட்டைவிரல் நீளத் துண்டுகள் நான்கு எடுத்தேன். சோல் ஒட்டும் சொல்யூஷனைக் காலித் தைலக் குப்பியில் ஊற்றினேன். கேட்டில் பையைச் சோதிக்கிற அம்மாவிடம் தலைவலித் தைலம் என்று சொல்லி வெளியே கொண்டு வந்தேன். அகப்பட்டிருந்தால் அன்றே வேலை போயிருக்கும். ஒரு துண்டு தோலுக்காக வேலை போனவர்களை நமக்கே தெரியும். வீட்டில் ரப்பர் கட்டையைப் பாதிக்குச் சீவி, அந்த இடத்தில் தோலை ஒட்டினேன். நீங்கள் ரிம் மேல் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தெருமுனைவரை போய் வேகமாக வந்து பிடித்தீர்கள். ஆணி அடித்தது போல் நின்றது.

"இன்னா புடி புடிக்குது பாரு" என்றீர்கள். "உன் கைய ஃபாரின்ல இருந்து வந்து வாங்கினு போவாங்க."

மழைக்காலம் முழுக்க ஆம்பூர் தெருக்களில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போனீர்கள். மதியம் பக்கத்து வீட்டு போனுக்குத் தகவல் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உங்கள் காறை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். வலது மணிக்கட்டு, அதுவும் டிராயிங் மாஸ்டருக்கு. போர்டில் ஒரே வீச்சில் வட்டம் போடுகிற கை அது. சட்டைப் பையிலிருந்து இடது கையால் எதையோ எடுத்து என் கையில் வைத்தீர்கள். நான் ஒட்டிய தோல் துண்டு, கிழியாமல் கொள்ளாமல் முழுசாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஃபேக்டரி மேனேஜர் பழத்தோடு வந்துவிட்டார். எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன், நீங்கள் நம்ப வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"மாடு சார். வளைவு திரும்பறேன், நடு ரோட்டுல நிக்குது. அதுக்கு வழி உட்டுட்டு நான் விழுந்துட்டேன்."

அவர் போனதும் நான் உங்களைத் திட்டினேன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று. "மாடு இன்னா கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லப் போவுதா? நீ டேபிளை உட்டு எறங்கக் கூடாது, அவ்ளோதான்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

ஏன் பிய்ந்தது என்று எனக்கு அன்று விளங்கவில்லை. மறுநாள் விளங்கியது. என் பக்கத்து மிஷினில் நசீமா இருப்பாளே, சோலை ஹீட்டரில் வைத்து எடுப்பவள். அன்று நான் கோடு போட்டுத் தள்ளிய ஷூ ஒன்றை அவள் ஹீட்டரில் வைத்தாள், எடுத்தாள், சோலை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தாள். "பிச்சி எடுக்கக் கஷ்டமா இல்லியா?" என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டேன். "கஷ்டம் இன்னா அக்கா, சூடு காட்னா தானா உட்டுடும்" என்றாள்.

அந்த சொல்யூஷன் சூட்டில் இளகும், அதனால்தான் ஹீட்டர் வைத்திருக்கிறோம். எட்டு மணி நேரமும் அந்த ஹீட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மலையிலிருந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் கட்டையும் ரிம்மும் கொதிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லையே. தெருவில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சூடு காட்டிப் பார்க்கவில்லை. தோல் போன பிறகு பிடிக்க மிச்ச ரப்பரும் இல்லை, அதையும் நான்தான் சீவியிருந்தேன். வேறு எவள் செய்திருந்தாலும் தெரியாமல் செய்தாள் என்று விட்டுவிடலாம்.

சாயங்காலம் வந்து உங்களிடம் அழுதேன். "எறங்கறப்பவே உன் ஃபேக்டரி வாசனை வந்துது கிரேசு" என்றீர்கள்.

"வந்துச்சின்னா நிறுத்த வேண்டியதுதானே?"

"நீ ஒட்னதாச்சேன்னு வந்தேன்."

அதை நீங்கள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. குத்திக் காட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

எலும்பு கூடியது. வட்டம் மட்டும் பிறகு சரியாகக் கூடவில்லை, தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அது போதாதென்று பிள்ளைகள் உங்களுக்கு 'மாட்டு சார்' என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் வகுப்புக்குள் போகும்போது போர்டில் மாடு நிற்கும். நீங்கள் கோபப்படாமல் அதற்குக் கொம்பைத் திருத்தி மார்க் போட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பிப்பீர்களாம். வீட்டில் வந்து, "இன்னிக்கு மாட்டுக்கு மடி ஜாஸ்தி, கால் கம்மி" என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். எனக்குச் சோறு இறங்காது. அடுத்த வருஷம் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நமக்குள் எவ்வளவோ சண்டை வந்தது. என் அண்ணன் கல்யாணத்தில் யாரோ உங்களைச் சாப்பிடக் கூப்பிடாததுவரை எல்லாவற்றையும் எடுத்துப் பேசினீர்கள். இதை மட்டும் ஒரு நாளும் எடுக்கவில்லை.

நான் செய்தது ஒன்றுதான். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வந்த எந்த சைக்கிளையும் நான் பார்க்காமல் மலையேற விட்டதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஃபேக்டரிக்கு வந்திருந்த வெள்ளைக்கார டெக்னீஷியன் ஊர் திரும்பும்போது தன் வண்டியை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாரே, நீங்கள் அவர் முகத்தை வரைந்து கொடுத்ததற்காக. அதை நடு வீட்டில் கவிழ்த்துப் போட்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். ரிம் முலாம் பூசிய இரும்பு இல்லை, அலுமினியம். பிரேக்குக்கு இரண்டு நீளக் கை, இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து அமுக்கியது. பத்து பக்கெட் தண்ணீர் ஊற்றினேன், பத்து தடவையும் நின்றது. நான் திருட்டுத் தோலை வைத்துச் செய்யப் பார்த்ததை அவர்கள் ரிம்மையே மாற்றிச் செய்திருந்தார்கள். அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கியரும் ஒவ்வொரு சொடுக்குக்கு ஒவ்வொரு பல்லாக ஏறியது, காதைச் சாய்க்க வேண்டியதில்லை. உங்களுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம், வீணை போய்விட்டதே என்று.

சத்துவாச்சாரிக்குக் குடி வந்த பிறகு முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த வண்டி வாங்கினீர்கள். கல்லில் ஏறினால் குலுங்காது என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினீர்கள். நான் அழுத்திப் பார்த்துவிட்டு, ஷூவுக்குள் மெத்து மெத்தென்று இன்சோல் வைத்தால் நடக்கிறவன் கால்தான் களைக்கும், ஏறும்போது உங்கள் பலத்தை இது தின்னும் என்றேன். ஏறிவிட்டு வந்து, "நீ சொன்னதுதான், ஒரே பேஜார்" என்றீர்கள். அடுத்த வண்டியில் அந்த ஸ்பிரிங்கைப் பூட்டுவதற்கு ஒரு திருகு வந்துவிட்டது. பூட்டிவிட்டு ஏறினீர்கள், திறந்துவிட்டு இறங்கினீர்கள். நான் சொன்னது எங்கேயோ இருக்கிற எவனுக்கோ கேட்டுவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கம்பியிலிருந்து கேபிள், முலாமிலிருந்து அலுமினியம், அரிசி மூட்டையிலிருந்து ஒரு கையால் தூக்குகிற எடை. இத்தனையும் நம் இரண்டு பேர் கண் முன்னால் வந்தது. இந்த டிஸ்க்கை மட்டும்தான் நீங்கள் பார்க்கவில்லை. மஞ்சள் காமாலை மூன்றே வாரத்தில் உங்களைக் கொண்டு போய்விட்டது. இம்தியாஸ் காட்டியபோது நான் முதலில் பார்த்தது சூடு எங்கே போகிறது என்பதைத்தான். டயருக்கும் ரிம்முக்கும் போகாமல் அந்தத் தட்டோடு நிற்கிறது, ஓட்டைகளில் காற்று புகுந்து ஆற்றுகிறது. சூட்டைப் பற்றி ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். நான் யோசிக்கவில்லை.

நேற்றுதான் போனோம். ஒன்பதாவது வளைவில் பன்னிரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்கள். இம்தியாஸ் உங்கள் படத்தை ஒரு கல்லின் மேல் வைத்தான். "சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"அன்னைக்கு இங்க மாடு வரல" என்றேன். "பிரேக் கட்டையில தோல் ஒட்டிக் குடுத்தது நான். சூடு காட்னா அந்த ஒட்டு உட்டுடும்னு தெரிஞ்ச பொம்பள நான். ஃபேக்டரியில தெரிஞ்சா என் வேலை போய்டும்னு சார் மாடுன்னு சொன்னார். நானும் வாய மூடிக்கினேன். அவர் போய்ச் சேர்ற வரைக்கும் மூடிக்கினேன்."

கீழே ஒரு லாரி முக்கிக்கொண்டு ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. இம்தியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போர்டுல மொத மாடு வரைஞ்சது நான்தான் ஆன்ட்டி. கொம்பத் திருத்திட்டு பத்துக்கு ஏழு போட்டார்."

"தெரியும். வீட்டுல வந்து சொன்னார். நல்லா வரைஞ்சிருக்கான்னுதான் சொன்னார்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். இத்தனை வருஷம் நீங்கள் கட்டிக் காத்ததை நான் இரண்டு நிமிஷத்தில் உடைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

உச்சிக்குப் போய் டீ குடித்தோம். இறங்கும் நேரம் வந்தது. இம்தியாஸ் பன்னிரண்டு சைக்கிளையும் ரோட்டோரமாக வரிசையாக நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான்.

"எறங்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாட்டி பாத்துடுங்க ஆன்ட்டி."

"நான் பாத்த லட்சணத்தத்தான் இப்பக் கேட்டியே."

"கேட்டுட்டுதான் சொல்றேன்."

முதல் சைக்கிளிலிருந்து ஆரம்பித்தேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன், பிரேக்கை அமுக்கினேன், கட்டையில் எவ்வளவு மிச்சம் என்று நகத்தால் அளந்தேன், கேபிளைத் தடவினேன். ஒவ்வொருவனும் தன் முறைக்கு நின்று, நான் தலையாட்டிய பிறகுதான் வண்டியைத் தொட்டான். கடைசியில் இம்தியாஸ் வண்டி. அந்த டிஸ்க்கின் மேல் லேசாக வானவில் நிறம் தெரிந்தது. விவரங்கெட்டவன், செயினுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று டிஸ்க்குக்கும் சேர்த்துத் தெளித்திருக்கிறான். எவ்வளவு அமுக்கினாலும் வழுக்கியது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸை எடுத்து சீட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

"ஆன்ட்டி, புது சைக்கிள்."

"புதுசா இருந்தா இன்னா? எண்ணெய் பட்டிருக்குது. வேன்ல ஏத்து."

மறு பேச்சு பேசாமல் ஏற்றினான். வேன் முன்னால் இறங்கியது. அடிவாரத்தில் இறங்கி நின்று, வளைவு வளைவாக வந்தவர்களை விரல் விட்டு எண்ணினேன். பதினோரு பேரும் முழுசாக வந்து சேர்ந்தார்கள். என் கையில் பாஸாகி இறங்கி விழுந்தது ஒரே ஒரு வண்டிதான். அது உங்கள் வண்டி. இனி யார் கேட்டாலும் அதை என் பேரில்தான் சொல்வேன்.